போத்தலுக்கு மூன்று கதவுகள்

1

போன கிழமை என் வீட்டு அழைப்பு மணியை ஒருவர் அடித்தார். இதையும் ஒரு செய்தியாக எழுதுகிறானே என்று ஊரில் இருக்கும் நீங்கள் சிரிக்கலாம். ஜெர்மனியில், டுசல்டோர்ஃப் நகரத்தில் இந்த அறைக்கு நான் குடிவந்து இரண்டு வருடமாகிறது. அதற்குள் இந்த மணி நாலைந்து தடவை அடித்திருக்கும். அதிலும் பாதி, கீழ்வீட்டுக்கு வந்தவர்கள் மாறி அழுத்தியது.

இங்கே தெருவுக்குப் பெயர் உண்டு, கட்டடத்துக்கு இலக்கம் உண்டு. ஆனால் கட்டடத்துக்குள் இருக்கும் வீடுகளுக்கு இலக்கம் கிடையாது. வாசலில் வரிசையாக மணிப் பொத்தான்கள் இருக்கும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் விரல் அகலத்துக்கு ஒரு பெயர்ச்சீட்டு. சீட்டில் பெயர் இருந்தால் அந்த ஆள் இருக்கிறார். இல்லாவிட்டால், மேலே விளக்கு எரிந்தாலும், கறி தாளிக்கும் வாசம் வந்தாலும், அவர் இல்லை.

மணியடித்த மனிதர் எனக்கு ஒரு போத்தல் வைன் கொண்டுவந்திருந்தார். அதை அனுப்பச் சொன்னதும் நான்தான். அந்தப் போத்தல் என் கையில் வந்து சேர்ந்தால் என் தொழில் தொடங்கிவிடும், சேராவிட்டால் எல்லாம் கவிழும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் குடிப்பவனும் அல்ல. இந்த இடத்துக்கு எப்படி வந்தேன் என்பதை முதலில் சொல்லவேண்டும்.

2

எல்லாம் ஒரு கார் டிக்கியில் தொடங்கியது.

ராசன் அண்ணையின் சொந்தக்காரப் பிள்ளை தேவாலயத்தில் முதல்நன்மை எடுத்த நாள், பின்னேரம் மண்டபத்தில் விருந்து. ராசன் அண்ணையும் வசந்தி அக்காவும் எனக்கு இங்கே பழக்கமான ஒரேயொரு தமிழ்க் குடும்பம். எண்பதுகளில் வந்தவர்கள். அண்ணை ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டுகிறார். மாதத்தில் ஒருதரம் கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். அன்றைக்கு மண்டபத்துக்குள் வெள்ளை உடுப்போடு பிள்ளைகள், ரோல்ஸ், பட்டீஸ், மூன்றடுக்குக் கேக். கொஞ்ச நேரத்தில் ஆண்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள். "காருக்குள்ள ஒரு சாமான் எடுக்கவேணும்" என்று போனவர் திரும்பி வரவில்லை. அவரைத் தேடப் போனவரும் வரவில்லை.

நானும் போய்ப் பார்த்தேன். கார் தரிப்பிடத்தில் ஒரு டிக்கி திறந்து கிடந்தது. பிளாஸ்டிக் கோப்பைகள், மலிவுக் கடையில் வாங்கிய விஸ்கி, ஒரு டப்பா மிக்சர். உள்ளே மண்டபம் சூடாக இருக்க, இவர்கள் வெளியே குளிரில் கோட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு நின்றார்கள். எங்களுடைய விழாக்களில் எல்லோரும் குடிப்பார்கள், ஆனால் வாங்குவதை மட்டும் யாரும் பார்க்கக்கூடாது. எனக்கு அந்த இடத்திலேயே தலைக்குள் பல்ப் எரிந்தது. இவர்கள் வீட்டிலிருந்தபடியே, நல்ல போத்தலாக, ஆருக்கும் தெரியாமல் வாங்க ஒரு வழி இருந்தால்?

அடுத்த சனிக்கிழமை மோசல் ஆற்றுப் பக்கம் ரயிலேறினேன். செங்குத்தான மலைச்சரிவெல்லாம் திராட்சை. அங்கே திருமதி பெக்கர் என்ற தோட்டக்காரி, கதவைத் தட்டுகிறவர்களுக்கு மட்டும் தன் வைனை விற்றுக்கொண்டிருந்தார். அவரைப் போல அந்தக் கரையில் எத்தனையோ பேர். இணையத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு சந்தை. விற்பவர்கள் பலர், கடை ஒன்று. அந்தக் கிழமையே அதற்கான நிரலை எழுதத் தொடங்கிவிட்டேன். படித்ததும் கணினி, சாப்பாடு போட்டதும் கணினி, வேறென்ன வேண்டும்? மாதச் சம்பள வேலையையும் விட்டேன். அந்தத் துணிச்சலைப் பற்றி இப்போது கேட்காதீர்கள்.

3

சாராயக் கடை என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அனுமதிப்பத்திரம்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. அப்பா மன்னார்க் கச்சேரியில், அதாவது அரச செயலகத்தில், மதுக்கடை விண்ணப்பங்கள் வந்துபோகும் பகுதியில் எழுதுநராக இருந்தவர். பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் எவ்வளவு தூரம், போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாளில் பூட்டுவானா, அயலில் எதிர்ப்பு உண்டா என்று கோப்பு மேசை மேசையாக நகரும். கோப்பை நகர்த்த விரும்பியவர்கள் பின்னேரங்களில் எங்கள் வீட்டு வாசல் படலையடியில் வந்து நிற்பார்கள், கையில் பழைய பேப்பர் சுற்றிய போத்தலோடு. அப்பா கதிரையை விட்டு எழும்பமாட்டார். "நான் இல்லை எண்டு சொல்லு" என்பார். நான் ஓடிப்போய்ச் சொல்லுவேன். அவர்களுக்கு அப்பாவின் கால் தெரியும், இருந்தாலும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். நாளைக்கு வேறொருவர் வருவார்.

அந்தப் பயத்தோடு இங்கே நகரசபைக்குப் போனேன். முன்கூட்டியே நேரம் எடுத்து, அதாவது இங்கத்தைய மொழியில் டெர்மின் எடுத்து, ஒரு கட்டுக் கடுதாசியோடு போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என் கட்டைப் பார்க்கவேயில்லை.

"ஊற்றிக் கொடுப்பீர்களா?"

"இல்லை. மூடிய போத்தல் மட்டும்."

"அப்படியென்றால் தனி அனுமதி வேண்டாம். தொழிலைப் பதிந்துவிட்டுப் போங்கள்."

ஒரு தாள். ஒரு கையெழுத்து. கிளாசில் ஊற்றினால்தான் இங்கே உரிமம், மூடி திறக்காதவரை அது பால் போத்தல் மாதிரி. அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது நம்பவில்லை. "வடிவாக் கேட்டனியோ? பிறகு வந்து பூட்டுவாங்கள்" என்றார். அதன்பிறகு ஒவ்வொரு அழைப்பிலும் அவருடைய ஒரே கேள்வி, "லைசென்ஸ் வந்திட்டுதோ?" அம்மாவுக்கு வேறு கேள்வி. "வீட்டை ஆரும் வந்தவையோ?"

போத்தலுக்கு அனுமதி கிடைத்தது அரை மணித்தியாலத்தில். எனக்குக் கிடைக்க அரை வருடம் பிடித்தது. என் கடவுச்சீட்டில் ஒட்டியிருந்த வதிவிட அனுமதியில் கடைசி வரியாக, சுயதொழில் செய்ய அனுமதியில்லை என்று இருந்தது. இத்தனை காலமாக அந்த வரியை நான் வாசித்ததில்லை. வெளிநாட்டவர் அலுவலகத்தில் விண்ணப்பம், தொழில் திட்டம், வங்கிக் கடிதம், திட்டத்தை வேறொரு சபை பார்த்துச் சொல்லும் அபிப்பிராயம். கடைசியில் வரியை மாற்றித் தந்தார்கள்: இந்தத் தொழிலுக்கு மட்டும், அடுத்த வசந்தத்தில் மறுபடி பார்க்கப்படும். அப்போது காட்டுவதற்குத் தொழில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இங்கே வைன் அதிகம் விற்பது டிசம்பரில், நத்தார் பண்டிகைக்கு முன். ஆக, நத்தாருக்குள் கடை திறந்தால் நான் இருப்பேன். இல்லாவிட்டால் என்ன என்று அலுவலகத்தில் ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மிச்சச் சட்டங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், ஆருக்காவது உதவும். ஊர்ச் சாராயத்தை இறக்கினால் சுங்கமும் மதுவரியும் கழுத்தைப் பிடிக்கும், அதனால் அதைத் தள்ளிவைத்தேன். வாங்கியவர் இரண்டு கிழமைக்குள் திருப்பி அனுப்பலாம். இணையக்கடையின் முகப்பில் நடத்துகிறவரின் முழுப்பெயரும் வீட்டு முகவரியும் இருந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் ஆரோ ஒரு சட்டத்தரணி கடிதம் போடுவார். போட்டேன். என் பெயர், தெரு, கட்டட இலக்கம் எல்லாம் உலகத்தில் யாரும் பார்க்கும்படி தொங்கின. ஒருவரும் வரவில்லை என்பது வேறு கதை.

4

பிரச்சினை வயதில் வந்தது. பதினாறில் வைன், பதினெட்டில் சாராயம் என்று இங்கே சட்டம். அது கடையில் முகத்தைப் பார்த்து விற்பவனுக்கு எழுதிய சட்டம். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவனின் முகத்தை எப்படிப் பார்ப்பது? மூன்று அலுவலகத்தில் கேட்டேன், மூன்று பதில். கடைசியில் பார்சல் நிறுவனத்தின் திரு. க்ரேமர் ஒரு வழி சொன்னார். அவர்களுடைய ஆள் கதவடியில் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்.

"குடும்பப் பெயர் சரியாக இருந்தால் போதும்" என்றார் அவர்.

"போதாது" என்றேன் நான். உற்சாகத்தில் எழும்பியே நின்றுவிட்டேன். "முழுப்பெயரும் அட்டையில் இருப்பது போலவே இருக்கவேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் கொடுக்கக்கூடாது. வயதும் பதினெட்டு."

அவருக்கு என்னைப் பிடித்துவிட்டது. மூன்று வீடுகளுக்குச் சோதனையாக அனுப்பிப் பார்ப்போம், சரிவந்தால் ஒப்பந்தம் என்றார். "மூன்று முகவரி தாருங்கள். பகலில் வீட்டில் நிற்கிற, கதவு திறக்கிற, வயது வந்த மூன்று பேர்."

சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். டிராமில் ஏறி இருந்து கைத்தொலைபேசியில் பதிந்திருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். வெளிநாட்டவர் அலுவலகம், நகரசபை, வங்கி, பல் வைத்தியர், பழைய வேலையிடம், பழைய வீட்டுக்காரர், தொலைபேசி அட்டை விற்கும் கடை. நான் இறங்கவேண்டிய தரிப்பு போய்விட்டது. கதவு திறக்கிற மூன்று பேர். இந்த நாட்டில் பல்கலைக்கழகம் படித்து முடித்திருக்கிறேன். வேலை செய்திருக்கிறேன்.

பழைய வேலையிடத்து நண்பர் ஒருவரைக் கேட்டேன். மரியாதையாகவே மறுத்தார். தன் அடையாள அட்டை விவரத்தை இன்னொரு நிறுவனம் பார்ப்பதில் அவருக்கு விருப்பமில்லை. கீழ்வீட்டு அம்மாவைக் கேட்கலாம் என்று இறங்கிப்போய், அவருடைய கதவுக்கு முன்னால் நின்றேன். உள்ளே ரேடியோ கேட்டது. காலையில் அந்த ரேடியோவில்தான் நான் எழும்புகிறேன், அவருக்குப் பிடித்த நிகழ்ச்சி எது என்றுகூட எனக்குத் தெரியும். என்ன சொல்லித் தொடங்குவது? தட்டாமலே ஏறி வந்துவிட்டேன்.

5

ராசன் அண்ணை வீட்டில் சோற்றுக் கோப்பையோடு விஷயத்தைச் சொன்னேன்.

"உமக்கு விசரோ தம்பி?" என்றார் அண்ணை. "போத்தல் வீட்டு வாசலுக்கு வாறதெண்டால் பிறகு டிக்கி என்னத்துக்கு?"

"அனுப்பும், அனுப்பும்" என்றார் வசந்தி அக்கா குசினியிலிருந்து. "ஆர் குடிக்கிறதெண்டு அயல் அறியட்டும். எனக்கொரு சாட்சி வேணும்."

"பாத்தீரோ? இதுக்குத்தான் சொல்லுறன்."

அவர்களுடைய மகள் மெலனி சோபாவில் படுத்திருந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே ஜெர்மனில் என்னவோ சொன்னாள். அக்கா எனக்கு மொழிபெயர்த்தார், எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து. "உலகத்திலை எல்லாரும் கடையிலை வாங்கினம், அப்பாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு நாடகம் எண்டு கேக்கிறாள்." அண்ணை மகளுக்குத் தமிழில் பதில் சொன்னார். அவள் டிவியின் சத்தத்தைக் கூட்டினாள்.

கடைசியில் அண்ணை ஒப்புக்கொண்டார். நான் பேனையை எடுத்தேன். "அண்ணை, உங்கட பதிஞ்ச பேர் என்ன?"

யோசித்துப் பாருங்கள். இத்தனை காலம் இவர் வீட்டுச் சோறு சாப்பிட்டிருக்கிறேன், இவர் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இரண்டு பெயர். ராசன், குட்டி, தேவன் என்று கூப்பிடுகிற வீட்டுப் பெயர் ஒன்று. ஞானஸ்நானத்திலும் கச்சேரியிலும் பதிந்த பெயர் இன்னொன்று. செத்தவீட்டு அறிவித்தலில்தான் பாதிப்பேருடைய பதிந்த பெயரை முதல்முதல் அறிகிறோம். இவற்றைப் போட்டுக் குழப்பினால் என் சட்டப்படி போத்தல் திரும்பிவிடும். அதில் நான் மிகக் கவனமாக இருந்தேன்.

அண்ணை கொஞ்சம் தயங்கினார். "பிலிப்பு அருளானந்தம்."

"கலியாணத்திலை சாமியார் வாசிச்சதுக்குப் பிறகு இண்டைக்குத்தான் கேக்கிறன்" என்றார் அக்கா.

"ஷோனெஃபெல்ட் எயாபோட்டிலை இறங்கின அண்டைக்குத் திருப்பித் திருப்பிக் கேட்டவங்கள்" என்றார் அண்ணை. "அதுக்குப் பிறகு கடுதாசியிலைதான் இருக்கு." மெலனி டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் அது புதிதாக இருந்திருக்க வேண்டும்.

போத்தல் போய்ச் சேர்ந்த அன்று அண்ணை அழைத்தார். "பொலிஸ் மாதிரிப் பேரைப் பாத்துப்போட்டுத் தந்தவன். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பாத்தவள். உம்மட அக்கா அவளையும் கூப்பிட்டுப் போத்தலைக் காட்டியாச்சு."

இரண்டாவது கதவு மியூனிக்கில். கார்த்திக் என்னோடு படித்தவன், கோயம்புத்தூர்க்காரன். "அனுப்புடா, நான் அன்னிக்கு வீட்லருந்து வொர்க் பண்றேன்னு சொல்லிடறேன்" என்றான். பெயர் கேட்டேன். "பாஸ்போர்ட்ல இருக்கறத மெயில் பண்றேன், நீ ரொம்ப டென்ஷன் ஆகாத." அதுவும் சேர்ந்தது. இரவு அழைத்தபோது பின்னால் நாலு பேர் சிரிக்கிற சத்தம். "வைன் சூப்பர்டா. பாட்டில் காலி. நீயும் வந்திருக்கலாம்ல?" மியூனிக்குக்கு ரயிலில் கிட்டத்தட்ட ஐந்து மணித்தியாலம். வருகிறேன் என்றேன்.

மூன்றாவது கதவு கிடைக்கவில்லை. நாள் நெருங்கியது. திருமதி பெக்கர் நத்தார்ப் பெட்டிகளைக் கட்டி அடுக்கிவிட்டு, எப்போது எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலையில், நானே என் கடையில் ஒரு போத்தலுக்கு என் வீட்டு முகவரியைக் கொடுத்தேன். வருகிறவர் மணியைக் கண்டுபிடிக்க வேண்டுமே என்று, மணிச்சீட்டில் இருக்கும் பெயரை அப்படியே தட்டினேன்.

6

அன்றைக்குக் காலையிலேயே சவரம் செய்து, நல்ல சேட்டுப் போட்டு, அறையைக் கூட்டினேன். கேத்திலில் தண்ணீரும் வைத்தேன். மணி அடித்ததும் படிகளில் ஓடினேன்.

உயரமான மனிதர், நரைத்த மீசை. அவர் பேசிய ஜெர்மனும் என்னுடையது போல வேறெங்கோ இருந்து வந்தது.

"அமலன்?"

"நான்தான்."

"அடையாளம்?"

கடவுச்சீட்டை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், பொதியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. குடிவந்த நாளில், மணிக்கு என்ன பெயர் போடுவது என்று கட்டடப் பராமரிப்பாளர் கேட்டபோது, இந்த நாட்டில் முதல்முதல் எனக்கென்று ஒரு கதவு கிடைத்த சந்தோசத்தில், அம்மா கூப்பிடுகிற பெயரைச் சொல்லிவிட்டேன். கடிதம் கொண்டுவருகிற பெண்ணுக்கு இரண்டு பெயரும் பழக்கம், அதனால் ஒரு நாளும் சிக்கல் வரவில்லை. கடவுச்சீட்டில் நான் சவரிமுத்து அமலதாஸ்.

"இது நீங்கள் இல்லையே" என்றார்.

"இரண்டும் நான்தான். அது வீட்டிலே கூப்பிடுகிற பெயர்."

"என் வீட்டிலே என்னையும் வேறு பெயரில்தான் கூப்பிடுவார்கள்" என்றார் அவர். "நான் உங்களை நம்புகிறேன், சகோதரா. ஆனால் இதிலே எழுதியிருக்கிறது, ஒரு எழுத்து மாறினாலும் கொடுக்காதே என்று. இவ்வளவு கடுமையாக நான் பார்த்ததில்லை. எந்த மடையன் எழுதினானோ."

கடவுச்சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"வேறு யாராவது வீட்டில் இருக்கிறார்களா? உங்களைத் தெரியும் என்று சொல்ல?"

சட்டப்படி அதனாலும் பயனில்லை. மனுசன் இரக்கத்தில் கேட்டார். நான் மேலே படிகளைப் பார்த்தேன். கீழ்வீட்டில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"இல்லை" என்றேன்.

தேத்தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்குள் பொதியின் மேல் ஒரு கோடு போட்டு, பெறுநர் கிடைக்கவில்லை என்று எழுதி, வான் வண்டிக்குத் திரும்பிவிட்டார். போகும்போது கை காட்டினார்.

அன்று முழுவதும் கதிரையில் இருந்தேன். வசந்தத்தில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். என் பெயரை நானே மாற்றிப் போட்டுவிட்டேன் என்றா?

போத்தல் மோசலுக்கே போய்ச் சேர்ந்தது. திருமதி பெக்கர் அழைத்து, அந்த ஆளுக்கு வைன் பிடிக்கவில்லையா என்று கவலையோடு கேட்டார். மூடியைத் திறக்கவேயில்லை என்றேன்.

7

வெள்ளிக்கிழமை க்ரேமர் அழைத்தார். விளக்கம் சொல்ல ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அவர் என்னைப் பேச விடவில்லை.

"வாழ்த்துகள். இதுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. சோதனை என்றால் எல்லோரும் தங்கள் நண்பர்களைப் போடுவார்கள், எல்லாம் ஒழுங்காகப் போகும், கடைசியில் ஒன்றும் தெரியவராது. நீங்கள் உண்மையாகவே தவறான ஆளைக் கதவடியில் நிறுத்தியிருக்கிறீர்கள். அந்த மனிதர் தான்தான் என்று வாதாடினாராம், எங்கள் ஆள் அசையவில்லை. ஒப்பந்தம் திங்கட்கிழமை வரும். அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்."

"சொல்கிறேன்" என்றேன்.

கடை அடுத்த கிழமை திறக்கிறது. நத்தாருக்குப் போதிய நாள் இருக்கிறது. வசந்தத்தில் காட்டுவதற்கு ஏதாவது இருக்கும். துள்ளிக் குதிக்க வேண்டிய செய்தி. அறைக்குள் இரண்டு தரம் மேலும் கீழும் நடந்தேன். பிறகு ஒரு புதுச்சீட்டு வெட்டிக்கொண்டு வாசலுக்கு இறங்கினேன். முழுப்பெயரும் அந்த அளவுக்குள் அடங்கவில்லை. சவரிமுத்து மட்டும்தான் அடங்கியது. இனி இந்தக் கதவில் மணி அடிக்கிறவர் அப்பாவைத்தான் கூப்பிடுவார்.

மேலே வந்து தொலைபேசி அட்டையைச் சுரண்டி மன்னாருக்கு எடுத்தேன். ஊரில் சண்டையால் பாதை பூட்டுவதும் திறப்பதுமாக இருக்கிற நாட்கள், லைன் கிடைத்ததே பெரிய காரியம். அப்பாதான் எடுத்தார்.

"லைசென்ஸ் வந்திட்டுதோ?"

"எல்லாம் வந்திட்டுது அப்பா. இனி ஒருத்தரும் பூட்டேலாது."

"ம்" என்றார். அவருக்கு அது பெரிய சந்தோசம். அம்மாவிடம் கொடுத்தார்.

"வீட்டை ஆரும் வந்தவையோ?"

"ஓமம்மா. ஒராள் வந்தவர்."

"ஆர்?" அம்மாவின் குரல் ஏறியது.

"பார்சல் கொண்டு வாறவர். நல்ல மனுசன்."

"இருத்தி ஒரு தேத்தண்ணி குடுத்தனியோ?"

"இல்லையம்மா. நான் இல்லை எண்டு எழுதிப்போட்டுப் போயிட்டார்."

"நீ வீட்டிலைதானே இருந்தனீ?"

"ஓமம்மா" என்றேன். "வீட்டிலைதான் இருந்தனான்."